சமையல் மேடையின் ஓரம்

சமையல் மேடைக்குக் கல் வாங்கப் போகிறவர்கள் நிறத்துக்காகத்தான் அலைகிறார்கள். கறுப்பா, சாம்பலா, புள்ளி போட்டதா என்று வீட்டில் ஒரு சண்டையே நடக்கும். ஓரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கடைக்காரர் கடைசியில் கேட்கும்போதுதான், அட, அப்படி ஒன்று இருக்கிறதா என்று விழிப்பார்கள். ஆனால் சமைக்கிறவளுக்கு நிறம் ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகி மறைந்துபோகும். ஓரம் அப்படியில்லை. வெங்காயம் நறுக்கும்போது வயிறு அதில்தான் சாய்ந்திருக்கும். பால் பொங்கட்டும் என்று காத்து நிற்கும்போது கை அதைத்தான் பிடித்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் என்னென்னவோ கேட்டார்கள், மேடம். மேடையைப் பற்றி முதலில் கேட்டது நீங்கள்தான். அதனால் உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நிதானமாகவே சொல்கிறேன். பக்கத்தில் இருக்கும் போலீஸ்காரர் எழுதிக்கொள்ளட்டும்.

அந்த வீட்டில் நானும் என் தங்கையும் மட்டும்தான். அப்பா அம்மா போன பிறகு வேறு யாரும் இல்லை. நான் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். வருகிறவர்களை வரிசைப்படி உள்ளே அனுப்புவது என் வேலை. நாள் முழுக்க என்னைச் சுற்றி ஆட்கள்தான். கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருவார்கள், வாய் மரத்துப்போய்த் திரும்பிப் போவார்கள். வரும்போதும் சரி, போகும்போதும் சரி, பேசுகிற நிலையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதனால் பேச்சு என்றால் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான். பாப்பாவோடுதான்.

பாப்பா என்பது என் தங்கை. அவளுக்கு ஐம்பது வயது ஆகிறது. நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு வரும். அம்மா பயந்துபோய் அழுவாள். அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட ஓடுவார். பிடித்துக்கொள்வது நான்தான். வலிப்பு வருவதற்கு முன் அவள் இடது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உரசத் தொடங்கும், கடையில் துணியின் தரத்தைப் பார்ப்பது போல. அது எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டருக்கே நான் சொல்லித்தான் தெரியும். விரல் உரசுவதற்கும் அவள் சாய்வதற்கும் நடுவே ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் இருக்கும். அதற்குள் நான் எங்கே இருந்தாலும் வந்துவிடுவேன். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தலைக்கு. மெல்லக் கீழே இறக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வாங்கிக்கொள்வேன். எத்தனையோ தடவை. அவள் உடம்பில் ஒரு சிராய்ப்புகூடப் பட விட்டதில்லை. வேண்டுமானால் அவள் பழைய டாக்டரைக் கேளுங்கள்.

அது அடங்கிய பிறகு அவள் கண்ணைத் திறப்பாள். தான் யார், எங்கே இருக்கிறோம் என்று எதுவும் தெரியாது. கண் அப்படியே அலையும். அலைந்து அலைந்து என் முகத்தில் வந்து நிற்கும். “அக்கா” என்பாள். அதற்கப்புறம்தான் அவளுக்குத் தன் பெயரே நினைவுக்கு வரும்.

என்னையும் இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். ஒருவரை எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. பாப்பாவும் என்னோடு வருவாள் என்றேன். டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை.

பிறகு ஒரு புது டாக்டர் வந்தார். புது மாத்திரை எழுதிக்கொடுத்தார். வெள்ளையாக, நீளவாக்கில், நடுவில் ஒரு கோடு போட்டது. வாரத்துக்கு வேண்டியதைக் கிழமை போட்ட டப்பாவில் நான்தான் நிரப்பி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது என் வேலை. வலிப்பு நின்றுவிட்டது. ஒரு மாதம் பார்த்தோம், ஒரு வருடம் பார்த்தோம், பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டோம். அவள் விட்டுவிட்டாள் என்று சொல்ல வேண்டும். நான் விடவில்லை. சாப்பிடும்போது அவள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

“என்னக்கா, என் கையில ஏதாவது படம் ஓடுதா?” என்பாள்.

எல்லாரும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்றார்கள். எங்கள் பல் டாக்டரம்மா சொன்னார், இனிமேல் நீங்கள் உங்களுக்காகக் கொஞ்சம் வாழுங்கள் என்று. நானும் தலையாட்டினேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அதை எப்படிச் செய்வது என்று யோசித்தேன். பாப்பா அப்போது ஒரு கேக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கேக்கின் மேல் பூ வரைகிற வேலை. அவள் திரும்பி வர இருட்டிவிடும். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாசல் கேட் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். அவள் வந்ததும் எழுந்து ஏதோ வேலையாக இருப்பது போலக் காட்டிக்கொள்வேன்.

அவள் கார் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படித்தான் டிரைவிங் மாஸ்டர் வந்தார்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மனைவி இறந்து தனியாக இருந்தவர். பெரிய உடம்பு, ஸ்டியரிங்கில் வயிறு இடிக்கும். எதைச் சொன்னாலும் கார் ஓட்டுகிற பாஷையில்தான் சொல்வார். சாப்பாடு போதும் என்பதற்கு “ஹேண்ட் பிரேக் போட்டாச்சு” என்பார். பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு நகைச்சுவை வராது.

அவர் வீட்டுக்கு வரப்போக இருக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் பாப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, மாஸ்டர் முன்னாடி என்னைப் பாப்பான்னு கூப்பிடாதே. எனக்கு அம்பது வயசாகுது.”

“சரி பாப்பா” என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் வந்திருக்கும்போது அவளைக் கூப்பிடாமலே சமாளித்துக்கொண்டேன். அவள் இருக்கும் இடத்துக்கே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவருடைய சொந்த ஊருக்குப் போவது என்று முடிவாயிற்று. ரயிலில் அரை நாள் பயணம். ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மாஸ்டர் என்னிடம் சொன்னார்.

“அக்கா, எங்க வீட்டு மாடில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. ஜன்னலைத் திறந்தா ரயில் போறது தெரியும். நீங்களும் எங்ககூட வந்துடுங்க. நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா பிரேக் பிடிக்க ஒரு ஆள் வேணும்ல?”

பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாக்கா, நானே கேக்கணும்னு இருந்தேன்” என்றாள்.

அவர்கள் மனதாரக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியும். நான் வேலையைக் காரணம் சொல்லி மறுத்துவிட்டேன். உண்மையான காரணம் வேறு. அந்த வீட்டில் நான் மாடியில் இருப்பேன். கீழே அவளுக்கு ஏதாவது என்றால் முதலில் கை நீட்டுவது அவராக இருக்கும். நான் படியிறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்து, அவள் கண்ணைத் திறந்திருப்பாள். திறந்ததும் யார் முகம் அங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாடு போட்டு, துணி தோய்த்துத் தர அவர்களுக்கு ஓர் அக்கா கிடைப்பாள். அந்த அக்காவாக இருக்க எனக்குத் தெரியாது.

நான் வரமாட்டேன் என்றதும் பாப்பா இன்னொன்று செய்தாள். அதுதான் இந்தச் சமையல் மேடை.

“போறதுக்கு முன்னாடி உனக்கு நல்லதா ஒரு கிச்சன் பண்ணிக் கொடுத்துட்டுப் போறேன். அந்தப் பழைய மேடையில நீ குனிஞ்சு குனிஞ்சு முதுகே வளைஞ்சுபோச்சு.”

“எதுக்கு? நான் ஒருத்திதானே.”

“ஒருத்தியா இருந்தா சாப்பிட வேண்டாமா?”

தனியாகச் சாப்பிடும் ஒருத்திக்கு ஒரு மேடை. அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள்.

கல் கடை ஊருக்கு வெளியே, பெரிய கொட்டகையில் இருந்தது. பலகைக் கற்களை நிறுத்திவைத்திருந்தார்கள், நடுவில் நடந்து போனால் குளிரும். நிறத்தைச் சீக்கிரமே முடிவு செய்துவிட்டோம், சாம்பல். பிறகு கடைக்காரர் ஒரு மரத்தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் உள்ளங்கை அகலத்துக்குக் கல் துண்டுகள், ஒவ்வொன்றின் ஓரமும் ஒரு மாதிரி செதுக்கியிருந்தது. ஒன்று மேல்புறம் மட்டும் வளைந்தது. ஒன்று பாதி உருண்டை. ஒன்று மேலும் கீழும் முழுக்க உருட்டியது, பிடித்தால் தடியான கயிற்றைப் பிடித்த மாதிரி இருக்கும். ஒன்று சரிவாகச் சீவியது. ஒன்று அலை போல ஏறி இறங்குவது, அதன் மடிப்பில் அழுக்கு சேரும். கடைசியில் இருந்தது நேர் ஓரம். கல்லை அறுத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

பாப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கேக்குக்குக் கிரீம் தடவுகிற விரல்கள். கடைக்காரர் கேட்டார்: “வீட்டுல வயசானவங்க யாராவது இருக்காங்களாம்மா? இருந்தா ஃபுல் ரவுண்டு போட்டுக்கோங்க. பட்டாலும் அடிபடாது.”

பாப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இதோ இருக்காங்களே, எங்க அக்கா.”

கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“விளையாட்டுக்குச் சொல்லலைக்கா. நீ தனியா இருக்கப்போறே. கால் வழுக்கி விழுந்து வச்சா யாரு வந்து தூக்குவா? ரவுண்டே போட்டுக்கோ. எனக்கு நிம்மதியா இருக்கும்.”

எங்கள் வீட்டில் விழுகிறவள் யார், மேடம்? நான் ஒருநாளும் விழுந்ததில்லை. விழ எனக்கு நேரமே இருந்ததில்லை. இப்போது அவள் என்னைப் பார்த்து, நீ விழுவாய், நான் இருக்கமாட்டேன், அதனால் கல்லை உருட்டிவிட்டுப் போகிறேன் என்கிறாள். நான் அவளுக்காகச் செய்த எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரு கல்லிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்ததாக எழுதாதீர்கள். அவள் சொன்னது சரிதானே என்றுதான் பட்டது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் பஸ் பிடித்துப் போய் ஓரத்தை மாற்றச் சொன்னேன்.

கடைக்காரர் தயங்கினார். “தங்கச்சி ரவுண்டுதான் வேணும்னு அடிச்சுச் சொன்னாங்களே?”

“அந்த வீட்டில் இருக்கப்போவது நான்” என்றேன்.

“அதுவும் சரிதான். அப்ப ஸ்ட்ரைட்டே போட்டுடறேன். ஆனா அடுப்புப் பக்கம் கல்லு முடியற இடத்துல மூலை ரூமுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும். அதை மட்டுமாவது கொஞ்சம் மழுக்கிடலாமா?”

வேண்டாம் என்றேன். ஒன்று நேராக இருந்தால் முழுக்க நேராக இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. உருட்டிய ஓரத்தில் தண்ணீர் சிந்தினால் வளைந்து அடிப்பக்கமாக ஓடி அலமாரிக் கதவை நனைக்கும். நேர் ஓரத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். அன்றைக்கு என் மனதில் வேறு எதுவும் இல்லை. அந்தக் கடைக்காரர் உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அவர் மேல் தவறு ஒன்றும் இல்லை.

மேடை போட்ட அன்று பாப்பா வேலையிலிருந்து வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள். ஓரத்தில் கையை ஓட்டிக்கொண்டே போனவள் மூலையில் நின்றாள்.

“அக்கா, தப்பாப் போட்டுட்டாங்க.”

“நான்தான் மாற்றச் சொன்னேன்.”

மூலையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். “சரி. உனக்குப் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு.”

“அப்ப சரி.”

அவள் அப்படிப்பட்டவள்தான். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து எங்கிருந்தோ சாம்பல் நிறத்தில் பஞ்சுப் பட்டை ஒன்று வாங்கிவந்தாள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் மேசை மூலைக்கு ஒட்டுவார்களே, அது. அளவெடுத்து வெட்டி, மூலையில் மடித்து, கேக்குக்குக் காகிதம் சுற்றுவது போல அழகாக ஒட்டினாள். “நீ இடிச்சுக்காம இருந்தா சரி” என்றாள்.

இனி மாத்திரைக்கு வருகிறேன்.

எனக்கு எலும்பு தேய்கிறது என்று ஒரு டாக்டர் கால்சியம் எழுதிக்கொடுத்திருந்தார். அதுவும் வெள்ளை, நீளவாக்கு, நடுவில் கோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு அட்டைகளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பாப்பா உள்ளே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் டப்பாவில் என்னுடையதைப் போட்டேன். முதலில் இரவு வேளைக்கு மட்டும். அடுத்த வாரம் காலைக்கும். கால்சியம் உடம்புக்குக் கெடுதல் இல்லை. அவள் வயதுக்கு அதுவும் தேவைதான்.

ஒரே ஒரு தடவை வரட்டும் என்றுதான் நினைத்தேன். மாஸ்டர் வீட்டில் இருக்கும்போது வரட்டும். அவர் பயந்து ஓடிவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் ஓடுகிற ஆள் இல்லை. ஆனால் அவர் பார்க்க வேண்டும். அவள் விரல் உரசுவது அவருக்குத் தெரியாது என்பதையும், அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பதற்குள் நான் அவளைத் தாங்கியிருப்பதையும் பார்க்க வேண்டும். பிறகு அவள் கண்ணைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வாள். அதை அவர் கேட்க வேண்டும். நானும் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

நீங்கள் கேட்டீர்கள், அவள் தினமும் கார் ஓட்டிக்கொண்டிருந்தாளே, ரோட்டில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அதை நான் யோசிக்காமல் இல்லை. பயிற்சிக் காரில் பக்கத்தில் இருப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாஸ்டர் திறமையானவர். ரோட்டில் போகிற மற்றவர்களைப் பற்றிக் கேட்டால், அவர்களை எனக்குத் தெரியாது.

அது நடந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கூடத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். பெட்டிகள் சமையலறை வாசல்வரை அடுக்கியிருந்தன. காலையில் நான் சமையலறையைச் சுத்தம் செய்தேன். மூலையில் ஒட்டியிருந்த பஞ்சுப் பட்டையை உரித்தெடுத்தது நான்தான். அதில் மாவும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். நீங்கள் அதை வாளியிலிருந்துதான் எடுத்தீர்கள் என்று சொன்னார்கள். பார்த்தீர்களா, அழுக்கு இருந்திருக்கும்.

பாப்பா மேடைப் பக்கம் நின்று, கிரீம் பிழிகிற கூம்புகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கை தூரம்கூட இல்லை. அந்த ஊரில் ஒரு கடை பார்த்திருக்கிறோம், சொந்தமாகவே செய்யலாம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். நான் அவள் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் உரசத் தொடங்கியிருந்தது.

நான் தயாராகத்தான் இருந்தேன், மேடம். கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு கையும் காலி. ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தலைக்கு. எனக்கு அது மறந்துபோகவில்லை.

ஆனால் இத்தனை வருடம் கழித்து அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. முகத்தில் பயம் வந்தது. தலையைத் தூக்கினாள். நான் முன்னால் நிற்கிறேன். என் தோளுக்கு மேலே, வாசலைப் பார்த்தாள். “மாஸ்டர்” என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

கூப்பிட்டவர் வரட்டும் என்று வழி விட்டேன். அவர் எழுந்து ஓடி வந்தார். பெரிய உடம்பு, வாசலில் பெட்டிகள். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பாப்பா பக்கவாட்டில் சாய்ந்தாள். அவள் எப்போதும் இடது பக்கம்தான் சாய்வாள். மூலை அந்தப் பக்கம்தான் இருந்தது. கல்லில் பட்ட சத்தம் பெரிதாக இல்லை. மேடைமேல் ஒரு கிண்ணத்தை வைத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் நான்தான் செய்தேன். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தலைக்குத் துணி கொடுத்தேன். மாஸ்டர் அழுதுகொண்டே அவளைத் தூக்கப் பார்த்தார். அசைக்காதீர்கள், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று சொன்னது நான்தான். அவள் தலை என் மடியில் இருந்தது. வலிப்பு அடங்கியதும் நான் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து காத்திருந்தேன். கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருந்தேன். அந்த நேரம் எனக்கு நீளமாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் ரத்தம். சொன்னார்: “அக்கா, நீங்க பக்கத்துலதானே நின்னுக்கிட்டிருந்தீங்க?”

ஆமாம் என்றேன்.

பிறகு டாக்டர் வந்து, ரத்தத்தில் மருந்தே இல்லையே, மாத்திரையை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டபோது, மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து எங்கள் வீட்டுக்குப் போனார். டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை.

வீட்டில் இப்போது நான் மட்டும்தான். உங்கள் ஆட்கள் மேடையைப் படம் எடுத்துக்கொண்டு போன பிறகு, நான் அதைக் கழுவித் துடைத்தேன். நேற்று ஒரு முட்டை வேகவைத்து, நின்றபடியே சாப்பிட்டேன். அவளுடைய பெட்டிகள் கூடத்தில் அப்படியே இருக்கின்றன. ஒன்றின் மேல் அவள் கையெழுத்தில் ‘அக்காவுக்கு’ என்று எழுதியிருந்தது. திறக்கவில்லை. எதற்கு என்று தோன்றியது. கேட் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து நிற்கிறேன். பக்கத்து வீட்டுக் கேட்தான் அது.

நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒரே முடிச்சாகப் போடுகிறீர்கள். கல் ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம் என்று நான் தனித்தனியாக வைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. நேற்று அந்த முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டே நானும் அவற்றைச் சேர்த்துப் பார்த்தேன். நீங்கள் போட்ட முடிச்சுதான் எனக்கும் வந்தது. சரி, அப்படியே இருக்கட்டும். ஓரத்தை மாற்றினேன். மாத்திரையை மாற்றினேன். பட்டையை உரித்தேன். அவள் விழப்போகிறாள் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது, நான் நகர்ந்துகொண்டேன். அவள் போகக் கூடாது என்று நினைத்தேன், போகவிடாமல் செய்துவிட்டேன். இதை எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முந்தாநாள் வரை என்னை அவள் கட்டில் வரைக்கும் விட்டார்கள். இப்போது விடமாட்டேன் என்கிறார்கள். அவளுக்கு வலது கை, வலது கால் விளங்கவில்லை, பேச்சும் வரவில்லை. இனிமேல் எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும். மாஸ்டருக்குப் பழக்கமில்லை. கஞ்சியைக்கூட அவர் வாய்க்கு வெளியேதான் ஊட்டுகிறார். இதை அவளுக்கு ஆரம்பத்திலிருந்து செய்தவள் நான். அதை நீங்கள்தான் அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நான் உள்ளே போனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், நான் எந்தப் பக்கம் போய் நின்றாலும் அதற்கு மறுபக்கம் திருப்பிக்கொள்கிறாள் என்று நர்ஸ் சொல்கிறாளாம். அந்தப் பெண் வேலைக்குப் புதிது போலிருக்கிறது. வெகுநாள் படுத்தே இருந்தால் கழுத்து அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். நான் போய்க் கொஞ்சம் நீவிவிட்டால் சரியாகிவிடும்.